வாசலில் நிற்கும் வண்டி

சொக்ஜா அக்கா காதில் ஒரு விஷயம் விழுந்தால், ஊர் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரிதான். ஒலிபெருக்கியாவது மழைக்குப் பழுதாகும். அக்காவுக்கு அதுவும் கிடையாது. எங்கள் கடலோரக் கிராமத்தின் மகளிர் சங்கத்துக்குப் பல வருஷமாக அவள்தான் தலைவி. போட்டியிட ஒருத்திக்கும் தைரியம் இல்லை, எனக்கும்தான்.

வருஷாவருஷம் மருத்துவப் பரிசோதனை வண்டி வருவதற்கு முந்தின நாள், நாங்கள் எல்லாரும் ஊர்ப் பொதுக்கூடத்தில் அடியில் சூடேற்றிய தரையில் கால் நீட்டி உட்காருவோம். ஃபாரத்தில் எழுத்து எறும்பு சைஸில் இருக்கும். பாதிப் பேருக்குக் கண் தெரியாது. ஆகவே அக்கா பேனாவை எடுத்துக்கொண்டு கேள்விகளை உரக்கப் படிப்பாள், நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்வோம், அவள் டிக் அடிப்பாள். மூலம் உண்டா, மாதவிலக்கு எப்போது நின்றது, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாய், எல்லாம் சபையில்தான்.

போன தடவை என் முறை வந்தபோது, "தும்மும்போது சிறுநீர் கசியுமா?" என்று படித்தாள். நான் மெல்லத் தலையாட்டினேன். "மொக்போக்காரிக்குக் கசியுதாம்டி!" என்று, மொக்போ ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என்னைச் சொல்லிக் கூவினாள் பாருங்கள், வாசலில் மீன்வலை தைத்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் நான் தும்மினாலே கடைக்காரன் சிரிக்கிறான். அவளோடு ஒரு மாசம் நான் பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

இந்த வருஷம் ஃபாரத்தோடு புதிதாக இன்னொரு தாளும் வந்தது. அறுபது தாண்டியவர்களின் மனசைப் பற்றிக் கேட்கும் தாள். தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா என்று போய்க் கடைசியில் ஒரு கேள்வி: "கடந்த இரண்டு வாரத்தில், செத்துப்போனால் தேவலை என்று நினைத்தீர்களா?"

அக்கா அதைப் படித்ததும் கூடமே சிரித்தது. "பூண்டு நடவை வெச்சுக்கிட்டுச் சாக எவளுக்குடி நேரம் இருக்கு?" என்றாள். "இல்லவே இல்லை" என்ற கட்டத்தில் எல்லார் தாளிலும் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனாள். யாரையும் தனியாகக் கேட்கக்கூட இல்லை.

கடைசியில் அவள் தாள் மட்டும் மிச்சம். அதை எப்போதும் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் எழுதுவாள். நான் விடுவேனா? பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னிக்கு உன் கதையும் ஊருக்குத் தெரியட்டும் அக்கா. மூலம் உண்டா?"

"உன் மாமியாருக்கு இருந்ததைவிடக் கம்மிதான்" என்றாள். எல்லாரும் தரையைத் தட்டிச் சிரித்தார்கள். எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே மனசுத் தாளை எடுத்துக் கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"செத்துப்போனா தேவலைன்னு நெனச்சியா அக்கா?"

நிமிர்ந்து பார்த்தேன். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாளா" என்றாள்.

அவள் புருஷன் முதியோர் மருத்துவமனையில் கிடக்கிறார். அறுவடைக் காலத்திலிருந்து அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஞாயிறுதோறும் பூசணிக் கஞ்சி கொண்டுபோவாள். வந்து, "இன்னிக்கும் நீ யார் வீட்டுப் பொண்ணுன்னு கேட்டான்டி, மறுபடி கல்யாணம் பண்ணிக்கப் போறான் போல" என்று சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரித்தோமே, பாவிகள்!

அதற்குள் அவளே பதறிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "எழுதாதடி! இல்லைன்னு போடு. எழுதினா அந்த மனநல வண்டி வந்து வாசல்ல நிக்கும். வண்டி பூரா 'மனநலம்'னு கொட்டை எழுத்து. போன வருஷம் படகுக்காரன் பொண்டாட்டி வீட்டு வாசல்ல நின்னுச்சு. நான்தானே ஊரெல்லாம் போய்ச் சொன்னேன்? அவ இன்னிவரைக்கும் கூடத்துப் பக்கம் வரல. நானும் அப்படி ஆகணுமா?"

எழுதாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். எழுதினால் அவள் வெளியே தலைகாட்டமாட்டாள். நான் என்ன செய்வேன்? பேனாவை வைத்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எங்களில் மூத்தவள் யோசுக்காரி. அதிகம் பேசமாட்டாள். சுவரில் சாய்ந்து தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "மொக்போக்காரி, என் தாளை எடு. அந்த 'இல்லவே இல்லை'யை அடிச்சுட்டு, எனக்கும் 'கொஞ்ச நாளா'ன்னு போடு."

"உனக்கென்ன வந்தது?"

"போடுன்னா போடு. வண்டி எல்லா வாசல்லயும் நிக்கட்டும். எவளுக்காக வந்துச்சுன்னு எவன் கண்டுபிடிப்பான்?"

உடனே ஆளாளுக்கு, "எனக்கும் போடு, எனக்கும் போடு" என்று கத்தினார்கள். எல்லாத் தாளையும் திருத்தினேன். என்னுடையதையும். கடைசியாக அக்காவின் தாளில் உண்மையை எழுதினேன். அவள் தடுக்கவில்லை. "பைத்தியக்காரச் சிறுக்கிங்களா" என்று திட்டிக்கொண்டே முந்தானை இல்லாத குறைக்கு, தோட்ட வேலைக்கென்று வைத்திருந்த கையுறையால் மூக்கைத் துடைத்தாள்.

சுகாதார நிலையத்திலிருந்து அலறியடித்துக்கொண்டு ஆள் அனுப்பினார்கள். ஒரு கிராமத்துக் கிழவிகள் அத்தனை பேரும் சாக நினைத்தால் அலறாமல் என்ன செய்வார்கள்! வந்தது சின்னப் பெண், பெயர் ஹேவொன். வெளுத்துப்போன முகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியது. கொட்டை எழுத்து வண்டி எல்லா வாசலிலும் நின்றது. அக்கா வீட்டுக்குள் போன பெண் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் மிளகாய் காயப்போடுகிற சாக்கில் வெளியே நின்றிருந்தோம். அக்கா அந்தப் பெண்ணை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். கண் வீங்கியிருந்தது. என்ன பேசினாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாயும் அந்தப் பெண் வருவதாகச் சொன்னது. அக்காவைப் பார்க்க மட்டும்தான். அவள் வாசலில் மட்டும் வண்டி நின்றால் சரிப்படுமா? அதனால் முறை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு செவ்வாயும் எங்களில் ஒருத்தி, "எனக்கும் மனசு சரியில்லை, வந்துட்டுப் போ" என்று ஃபோன் போடுவாள்.

என் முறை வந்தது. ஹேவொன் என் எதிரே உட்கார்ந்தது. நான் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை முன்னால் வைத்துவிட்டு, முந்தின ராத்திரியே யோசித்து வைத்திருந்த பொய்யை ஆரம்பித்தேன். அந்தப் பெண் கையை உயர்த்தி நிறுத்தியது.

"அம்மா, எல்லார் தாள்லயும் அந்த ஒரு கேள்வியில மட்டும் அடிச்சுத் திருத்தியிருக்கு. எல்லாம் ஒரே கையெழுத்து. ஒருத்தர் தாள்ல மட்டும்தான் அடித்தல் இல்ல. உண்மையைச் சொல்லுங்க, உங்களுக்கு என்ன பண்ணுது?"

கிழங்குத் தட்டை இன்னும் கிட்டே தள்ளினேன். "எனக்கு ஒரு கேடும் இல்ல கண்ணு" என்றேன். "அந்த அக்கா இருக்கணும். அவ்வளவுதான்."

அந்தப் பெண் ஜன்னல் வழியாக என் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தது. பிறகு கோட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு கிழங்கை எடுத்துத் தோலுரிக்க ஆரம்பித்தது.

"அப்ப நான் மெதுவாவே சாப்பிடுறேன்மா. வண்டி இங்கேயே நிக்கட்டும்."