மூன்றாம் வகுப்புக்கு வசனம் கிடையாது

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாருக்கு நாடகப் பைத்தியம். கம்பம் டவுனில் எந்தக் கம்பெனி கொட்டகை போட்டாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கணக்கு, பூகோளத்தோடு நடிப்பையும் வகுப்புவாரியாக எங்களுக்குச் சொல்லித் தந்தார். ஒன்றாம் வகுப்பு கூட்டமாக அழ வேண்டும். இரண்டாம் வகுப்பு மரமாக நிற்க வேண்டும். நான்காம் வகுப்புக்கு ஆளுக்கு ஒரு வரி. ஐந்தாம் வகுப்புக்கு வாய் வலிக்கிற அளவுக்கு வசனம். நான் மூன்றாம் வகுப்பு. எங்களுக்கு வசனம் கிடையாது. யார் எது கேட்டாலும் மெதுவாகத் தலையை ஆட்ட வேண்டும். அதையும் பிரம்பை வைத்துக்கொண்டுதான் பழக்கினார்.

தடுப்பூசிப் பெட்டியோடு அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றாலே ஊர்ச்சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரும்புக்காட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் காலம் அது. அந்தப் பயத்தைப் போக்க வாத்தியாரே ஒரு நாடகம் எழுதினார். குத்திக்கொள்ளாத பிள்ளைக்கு அம்மை போடுகிறது, தாய் கிடந்து அழுகிறாள். அந்தப் பிள்ளை நான். என்ன வேஷம் என்று வீட்டில் சொல்லக் கூடாதென்று உத்தரவு. சொன்னால் அனுப்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. தாய் வேஷம் கட்டவிருந்த ஐந்தாம் வகுப்புப் பையன் வாய்க்கால் கரையில் என்னை நிறுத்திச் சொன்னான்:

“ஏலே, வெளையாட்டுக்கு அம்ம முத்து வச்சாலும் ஆத்தா நெசமா எறங்கிருவா. எங்க சித்தப்பா இப்படித்தேன் அவளக் கேலி பேசினாக. அந்த வாரமே போயிட்டாக.”

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் கண் விழித்ததும் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பேன். கொசு கடித்த தடிப்பைக் கண்டால்கூட எச்சில் தொட்டு அழித்துப் பார்ப்பேன். நடித்தால் ஆத்தா கோபிப்பாள், அம்மாவிடம் சொன்னால் வாத்தியார் கோபிப்பார். இருவரில் கையில் பிரம்பு வைத்திருந்தவர் வாத்தியார்தான். வாயை மூடிக்கொண்டேன்.

நாடகத்தன்று சாயங்காலம் களத்தில் பெஞ்சுகளைச் சேர்த்து மேடை போட்டார்கள். பச்சரிசி மாவில் செங்காவியைக் குழைத்து என் முகம், நெஞ்சு, கையெல்லாம் முத்து வைத்தார் வாத்தியார். பாயில் படுக்கவைத்துச் சுற்றிலும் வேப்பங்குலையைப் போட்டார். மாவு காயக் காயத் தோல் இழுத்தது, பிறகு அரித்தது. அவ்வளவுதான், அவள் வந்துவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டேன். சாகப் போகிறோம் என்று உடம்பெல்லாம் நடுங்கியது. வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு ‘பலே’ என்றார்.

திரை விலகியது. ஒன்றாம் வகுப்பு சொன்னபடி அழுதது. அதற்கு மேல் நாடகம் நடக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். யாரோ ஒருத்தி குலவை போட, களம் முழுக்கக் குலவை எழும்பியது. இது வேஷம்தான், உட்காருங்கள் என்று வாத்தியார் கத்தியது பக்கத்தில் கிடந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அத்தனை வசனத்தையும் மனப்பாடம் செய்திருந்த மேடைத்தாய் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

அப்போது என் அம்மா மேடையேறி வந்தாள். தூக்கிக்கொள்வாள் என்று கையை நீட்டினேன். அவள் தூக்கவில்லை. யாரோ கொடுத்த செம்புத் தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டு, கும்பிட்ட கையோடு மண்டியிட்டாள். பெற்றவளுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை என்று அன்று நான் பயந்த பயம் போல அப்புறம் எதற்கும் பயந்ததில்லை.

“எம்மகளக் கூட்டிட்டுப் போனியே ஆத்தா,” என்று மெதுவாகக் கேட்டாள். “அங்கன அவளப் பசியில்லாம வச்சிருக்கியா?”

எங்கள் வீட்டில் மகள் என்று யாரும் கிடையாது. எனக்குத் தெரிந்து நான் ஒரே பிள்ளை. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். பழக்கிய தலை தானாக ஆடியது.

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். நெடுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நாடகம் முடிந்ததும் எல்லோருக்கும் குத்துவதற்காக மேடை ஓரத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அம்மை குத்துகிறவர் அதைத் திறக்காமலே உத்தமபாளையத்துக்கு வண்டியேறினார்.

எனக்கு அம்மை போடவில்லை. மறுநாள் அம்மா தகரப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்னச் சீட்டிப் பாவாடையை எடுத்து உதறி, முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுப் பாப்பாவுக்குக் கட்டிவிட்டாள். அது யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பயந்து நடித்தவன் நான் இருக்க, பரிசு அந்தப் பாப்பாவுக்கா என்று தரையில் புரண்டு அழுதேன்.