குருட்டுக் கெளுத்திக்கு வைத்த பேர்

உச்சிப்புளிக்குக் கிழக்கே கடலை ஒட்டிய அந்தச் சிற்றூரில் எல்லாக் கிணறும் கரிக்கும், யாகப்பம்மாள் வீட்டுக் கிணறு ஒன்றைத் தவிர. ஊரே அங்கேதான் குடிக்கத் தண்ணீர் எடுத்தது. அவளும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் உச்சிவெயில் ஏறியதும் இறைக்கிற பனையோலைப் பட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் அடியில். மேலே இருப்பதை ஒட்ட இறைத்தால் அடியில் இருப்பது ஏறி வந்துவிடும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அங்கே இது தெரியும்.

யாகப்பம்மாளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் யாக்கோபு சங்கு குளிக்கப் போன இடத்தில் செத்துப்போனான். உறவில் யாராவது பேத்திக்கு அப்பத்தாள் பேரை வைத்தால், கோயிலில் வாய் நிறையச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாள். தன் பேர் தன்னோடு மண்ணுக்குள் போய்விடும் என்பதை அவளால் தாங்கவே முடியவில்லை.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்தும் ராமசுப்பிரமணியன், கண்மாய் கண்மாயாகக் கெளுத்தி பிடித்துக்கொண்டு வந்தவர், தாகத்துக்கு அவள் வீட்டில் நின்றார். இறைத்த பட்டையில் மண்புழு போலச் சிவப்பாக ஒன்று நெளிந்தது. எப்போதாவது வருவதுதான். அவள் வீசப் போனாள்.

"அம்மா, போட்றாதீங்க!"

வாங்கிப் பார்த்தார். அதற்குக் கண்ணே இல்லை, மீசை மட்டும் இருந்தது.

"கெளுத்திதான். ஆனா இப்படி ஒண்ண எந்தப் புத்தகத்துலயும் பாத்ததில்ல. ஒண்ண மட்டும் வச்சு எழுத முடியாது, அறுத்துப் பாக்க இன்னும் வேணும். கிணத்த ஒருதரம் முழுசா இறைச்சா கிடைச்சிரும்." அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். "கிடைச்சா உங்க பேரையே வைக்கிறேன். உலகம் உள்ள வரைக்கும் அதுக்கு அந்தப் பேருதான்."

கெட்ட மனிதர் இல்லை. எதைச் சொன்னால் அவள் விழுவாள் என்பது தெரியாமலேதான் சொன்னார்.

கொழுந்தன் சந்தியாகு ஓடி வந்தான். "மதினி, புத்தி கெட்டுப்போச்சா? அடியில உப்பு கெடக்கு!"

"ஒரே ஒரு தடவதான் தம்பி. பழையபடி ஊறிரும்."

"ஊறலேன்னா?"

அவள் தானே முதல் பட்டையை இறைத்தாள். பொழுது சாயும்போது தரை தெரிந்தது. சேற்றிலிருந்து கை நிறைய மீன் கிடைத்தது. புட்டியில் மருந்துக்குள் போட்டதும் அவை சிவப்பு போய் வெளுத்தன.

மறுநாள் கிணறு நிறைய ஊறியிருந்தது, முன்னைவிடத் தெளிவாக. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. கொஞ்ச நாளில் பருப்பு வேகவில்லை என்றார்கள், விறகைக் குறை சொன்னார்கள். பிறகு சோப்பு நுரைக்கவில்லை. மிக்கேலம்மாள் வீட்டுக் கைக்குழந்தை தண்ணீரைத் துப்பியது. யாகப்பம்மாள் மட்டும் நித்தமும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழை பெய்தும் கரிப்பு இறங்கவில்லை. பட்டையில் மீனும் வரவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு உச்சிப்புளி வரை நடந்தார்கள். அவளைத் திட்டவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

சில வருஷம் கழித்து, அச்சான தாளோடு ராமசுப்பிரமணியன் வந்தார். சொன்ன சொல் தவறவில்லை, மீனுக்கு அவள் பேர்தான். தெருமுனையில் விளையாடிய சிறுமிகளிடம் அவர் வழி கேட்டது, வீட்டுக்குள் இருந்தவளுக்கு நன்றாகக் கேட்டது.

"யாகப்பம்மாள் வீடு எது பாப்பா?"

சிறுமிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படி யாரும் இங்கன இல்லையே" என்றாள் ஒருத்தி. "ஏ, உப்புக்காரி வீட்டக் கேக்காரோ?"