வேலை மணிக்காகத் தள்ளிய முள்

கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்து முதலாளி, லைசென்ஸ் வாங்கிச் சிறிய வானொலி நிலையம் வைத்திருந்தார். மோர்ஸ் ஒலியைக் கேட்டு எழுதுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்.

ஐயாவின் மகன் கொழும்பு ஆஸ்பத்திரியில் டைபாய்டு ஜுரத்தில் கிடந்தான். தந்தி வந்தாலும் அடிவாரத்திலிருந்து ஆள் ஏறிவர மறுநாளாகிவிடும். அதனால் கொழும்பிலிருந்த வானொலி நண்பர் ஒருவர் அன்று மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டுச் சேதி சொல்வதாக ஏற்பாடு. எங்கள் பேட்டரியோ தீரும் நிலை. சார்ஜ் ஏற்றச் சேலம் போன மற்றொன்று இன்னும் மலையேறவில்லை. காலையில்தான் வானொலியில் நேர ஒலி கேட்டு அறைக் கடிகாரத்தைத் திருத்தியிருந்தேன்.

நான்கு அடித்ததும் சுவிட்சைப் போட்டேன். காதில் வெறும் இரைச்சல். நேரம் போகப் போக ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் பேசத் தயங்குகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

அப்போது கணக்குப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். ஆபீஸ் கடிகாரம் மத்தியானமே நின்றுவிட்டதாம். அதனால் இந்த அறைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வேலை மணி அடித்தாராம். ஆட்கள் சீக்கிரம் வரட்டும் என்று ஆபீஸ் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பது தோட்டத்து வழக்கம்.

"இந்த முள்ளையும் தள்ளினீங்களா?"

"ஆமாங்க தம்பி. எப்பவும் பண்றதுதானுங்களே."

"எவ்வளவுங்க?"

"கண்ணளவுதானுங்க. ஒரு வெத்தலை போடுற நேரம் இருக்கும். ரெண்டுன்னாலும் இருக்கும்."

ஐயா திட்டவில்லை. "இன்னும் நாலு ஆகல, அப்படித்தானே கண்ணு?" என்று மட்டும் கேட்டார். உடனே செட்டை அணைத்தேன். பிறகு சற்றுநேரத்துக்கு ஒருமுறை போட்டு, ஒரு மூச்சு நேரம் கேட்டு, மறுபடி அணைத்தேன். ஒவ்வொரு முறையும் செட்டுக்குள் எரியும் வால்வின் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, எங்கள் அழைப்புக்குறி கேட்டது. நாங்கள் பதில் தராமல் அவர் சேதி சொல்லமாட்டார். பதில் அனுப்பினால் இருக்கிற சக்தியும் போய்விடும். குறியை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டுக் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

'ஜுரம் இறங்கியது. இன்று காலை' என்பது வரை வந்தது. பிறகு செட் செத்துவிட்டது.

"காலையில என்னவாம்?"

"அதோட நின்னுபோச்சுங்க."

"ஜுரம் இறங்குச்சுன்னு வந்துச்சில்ல? இன்னொருக்கா சொல்லு சாமி."

சொன்னேன். எழுந்து உள்ளே போனார். அதே இரண்டு சொற்களை வீட்டம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குக் கேட்டது.