ஃபேன் ஓடிய வீடு

வறுமைக் கோட்டை எங்கே போடுவது என்று டி.வி.யில் படித்தவர்கள் உட்கார்ந்து விவாதிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் அதை எப்படிப் போட்டார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. சிங்காநல்லூரில் பஸ் ஏறிக் கிழக்கே போனால் வரும் ஒரு கிராமம். அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. அம்மா விவசாயக் கூலியாகக் காட்டு வேலைக்குப் போவாள். வீடு மண் சுவர், ஓலைக் கூரை. மேற்குச் சுவர் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்துகொண்டே வந்தது. ஏழைக் குடும்பங்களைக் கணக்கெடுக்க ஆள் வருகிறார், பட்டியலில் சேர்ந்தால் அரசாங்கமே வீடு கட்டித் தரும் என்றார்கள். எங்களுக்கு வேறு வழியே இல்லை.

அம்மா செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்துப் பேசினால் எங்கள் பக்கத்தில் அதைவிட மரியாதைக் குறைவு கிடையாது. டெய்லர் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியும் டேபிள் ஃபேனும் இரவல் வாங்கி வந்தாள். வீட்டில் இருந்த ஒரே பல்பைக் கழற்றிவிட்டு அங்கே ஃபேன் ஒயரை மாட்டினாள். கடையில் கடன் சொல்லிக் கலர் சோடாவும் வாங்கி வைத்தாள்.

"ஏனுங்க, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

கணக்கெடுக்க வந்த மனிதர் உட்கார்ந்தார். காற்று வாங்கிக்கொண்டே கலரைக் குடித்து முடித்தார். பிறகு ஃபேனைப் பார்த்தார்.

"ஃபேன் ஓடுதுங்களே! அப்பறம் எப்படி ஏழைன்னு எழுதறது?"

"அது எங்களுது இல்லீங்க, இரவலுங்க" என்றேன்.

"எல்லா ஊட்டுலயும் இதையேதான் சொல்றாங்க அம்மணி" என்று சிரித்தார்.

உங்களுக்காகத்தான் வாங்கி வந்தேன் என்று வந்தவர் முகத்துக்கு நேராகச் சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை. அவர் போனதும் நான் கத்தினேன்.

"உடு கண்ணு. ஊட்டுக்கு வந்தவங்களச் சங்கடப்படுத்தப்படாது" என்றாள். அவள்மீதும் எனக்கு ஆத்திரம்தான்.

ஃபேனைப் பார்த்தவருக்கு, ராத்திரி அடுப்பு எரிந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. மூலையில் இருமிக்கொண்டிருந்த அப்பா ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறார் என்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் வேலை இல்லாவிட்டால் இந்த வீடு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுக் கோடு போடுங்களேன். சாமானை எண்ணுவதற்குப் படிப்பு எதற்கு? ஜப்திக்கு வருகிறவன்கூட அதைச் செய்வான்.

பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் விழுந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் படுத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கினோம். இடிந்த வீடுகளைப் பார்க்க அதே ஆள்தான் வந்தார்.

"பட்டியல்ல நீங்க இல்லீங்களே, நாங்க என்ன பண்றது?"

பட்டினி கிடந்த நாளிலும் யார் கேட்டாலும் சாப்பிட்டாச்சு என்றே சொல்லிப் பழகியவள் அம்மா. அன்று சேற்றில் நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நாங்க ஏழைங்க சாமி. எழுதிக்கோங்க."

"அடுத்த கணக்கெடுப்புல பாக்கலாமுங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வீடு விழுந்ததைக்கூட நான் ஒருவழியாக மறந்துவிட்டேன். என் அம்மா வாயால் ஏழை என்று சொல்லக் கேட்டுவிட்டு, எழுதாமல் போனானே, அதை மன்னிக்கவே மாட்டேன்.