இந்தப் பிறவியைப் பற்றிய கேள்வி

முதலில் நாவில் சுவை போயிற்று. என் மனைவி பாப்பாத்தி ஆக்கிவைக்கும் அரிசிம்பருப்புச் சோறு நெய்யோடும் அப்பளத்தோடும் தட்டில் இருக்கும். வாயில் வைத்தால் நனைந்த காகிதம்போல் இருக்கும். அதன் பிறகு தூக்கம் போயிற்று. விடிய நெடுநேரம் இருக்கும்போதே விழித்துக்கொள்வேன். குளித்துத் திருநீறு அணிந்து பதிகம் பாட உட்காருவேன். பாடத் தொடங்கியதும் கண்ணீர் பெருகும்.

இறைவன்முன் உருகி அழுவதைப் பேறு என்று போற்றும் மரபில் வளர்ந்தவன் நான். ஆகவே அந்தக் கண்ணீரை நான் ஐயப்படவில்லை, எவரும் ஐயப்படவில்லை. சிங்காநல்லூரில் எங்கள் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் குழுவினர், "அவருக்குக் கனிஞ்சு போச்சுங்க" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கனியவேண்டிய காலம்தான் என்று நானும் நம்பினேன்.

அப்போது நான் பம்புசெட்டு வார்ப்படங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பணி ஓய்வுக்குப் பிறகும் ஒப்பந்தத்தில் ஸ்டோர் பொறுப்பைப் பார்த்துவந்தேன். ஆண்டுதோறும் அங்கே உடல் பரிசோதனை நடக்கும். இரத்தம், கண், காது என்று பார்ப்பார்கள். அந்த ஆண்டு மனநல ஸ்கிரீனிங்கும் (நோய் முற்றும்முன் சில கேள்விகளால் கண்டறியும் முதல்நிலைச் சோதனை) சேர்க்கப்பட்டது. அதற்கென்று அறை இல்லை. கேன்டீன் மூலையில் ஒரு பச்சைத் துணியைக் கட்டி, அதற்குப் பின்னால் ஒரு பெண் மருத்துவரை உட்காரவைத்தார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும்.

உலைப் பகுதியில் வேலை செய்யும் பழனிச்சாமி எனக்கு முன்னால் போய்விட்டு வந்தார். பதிகம் பாடுவதால் அங்கே எனக்கு ஓதுவார் என்றே பெயர்.

"ஓதுவாரண்ணா, கேக்கறதுக்கெல்லாம் இல்லீங்கன்னு சொல்லிப்போட்டு வந்துருங்க. தூக்கம் வருதுங்களான்னு கேட்டாங்க. மேனேஜரு மீட்டிங்ல பேசறப்பக்கூட வருதுங்கன்னேன்."

வரிசை சிரித்தது. நான் உள்ளே சென்றேன்.

"உங்களால யாருக்கும் பிரயோசனமில்லைன்னு தோணுதுங்களா ஐயா?" என்று மருத்துவர் கேட்டார்.

"தோணறதென்னுங்க, அதுதான் நெசம். அவன் முன்னால நானெல்லாம் புழுவுக்குங் கீழுங்க."

"யாருங்க, மேனேஜருங்களா?"

"சாமிங்க."

துணிக்கு வெளியே மீண்டும் சிரிப்பொலி. மருத்துவர் சிரிக்கவில்லை. "இருக்கறதைவிட இல்லாமப் போனாத் தேவலைன்னு நெனைக்கறீங்களா?"

"இனிப் பொறப்பே வேண்டாம்னுதானுங்க தெனமும் பாடறேன்."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்த பொறவியை நான் கேக்கலீங்க ஐயா. இந்தப் பொறவியைக் கேக்கறேன். நாளைக்குக் காலைல எந்திரிக்கோணும்னு இருக்குங்களா?"

மறுபிறவியை மறுக்க எனக்கு எத்தனையோ பாடல்கள் தெரியும். நாளைய காலையைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. சில வாரங்களாக நான் செய்துவந்தவை அப்போதுதான் ஒன்றாகத் திரண்டு கண்முன் நின்றன. பூசைப் பாத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று மருமகளுக்குக் காட்டிக்கொடுத்திருந்தேன். மோட்டார் ஓடாவிட்டால் யாரை அழைப்பது என்று பாப்பாத்தியை ஒப்பிக்கச் சொல்லியிருந்தேன். நான் இல்லாத வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க" என்றேன். வெளியே சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று மாலையே அந்த மருத்துவர் என் மனைவியை வரவழைத்து என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே மனநல மருத்துவர் நெடுநேரம் பேசிவிட்டு, இது மேஜர் டிப்ரெஷன் (கடுமையான மனச்சோர்வு, உடலையும் எண்ணத்தையும் ஒருசேரப் பற்றும் நோய்) என்றார்.

பாப்பாத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஏனுங்க டாக்டர், சாமி கும்புட்டதுனால வந்துதுங்களா?"

"இல்லீங்கம்மா. சாமி கும்புடறதுக்குள்ள போயி ஒளிஞ்சுக்குச்சுங்க."

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். ஆன்டிடிப்ரஸன்ட் (மனச்சோர்வைத் தணிக்கும் மாத்திரை) உடனே வேலை செய்யாது. வாரக்கணக்கில் வாய் உலர்ந்தது. கை நடுங்கித் திருநீறு மடியில் கொட்டியது. குளியலறைக் கதவைத் தாழிடக்கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. கதவுக்கு அப்பால் பாப்பாத்தி முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தினூடேதான் உயிர் பிழைத்தேன்.

ஒப்பந்தத்தை நிர்வாகம் புதுப்பிக்கவில்லை. "உடம்பைப் பாத்துக்குங்க" என்று மரியாதையாகவே சொன்னார்கள். எவரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று அந்தப் பெண் மருத்துவர் தொலைபேசியில் கூறினார், நம்புகிறேன். அவர் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. மனத்தைச் சோதிக்கத் துணிந்தவர்கள் ஒரு கதவைத் தந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டுப் பரிசோதனை முடிந்தபின் பழனிச்சாமி கொய்யாப்பழங்களோடு வீட்டுக்கு வந்தார்.

"இந்த வருசமும் கேட்டாங்கண்ணா. எல்லாரும் நல்லாயிருக்கறோமுங்கன்னு சொல்லிப்போட்டோம். உங்களுக்கு ஆனதைப் பாத்தோமல்லங்க."

"நீயுந்தானா?"

"என்ற புள்ள காலேஜுல படிக்குதுங்களே."

பாப்பாத்தி தந்த காப்பி அவர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. "சக்கரை பத்தலீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"அதெல்லாம் இல்லீங்கக்கா. இப்பெல்லாம் எதுலயும் ருசி தெரியறதில்லீங்க."

முன்பு சுவையிழந்த என் நாவு அதை அடையாளம் கண்டுகொண்டது. நாளைய காலையைப் பற்றி அந்தப் பெண் மருத்துவர் கேட்ட கேள்வியை, அவர் தணித்த அதே குரலில் நான் கேட்டேன். பழனிச்சாமி சிரித்தார். "கேன்டீன் டாக்டராயிட்டீங்களாட்ட இருக்குது" என்றார். என்னோடு மருத்துவமனைக்கு வரச் சொன்னேன். "பாக்கலாமுங்கண்ணா" என்று எழுந்துவிட்டார். வாசல் வரை போனவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டேன்: காலையில் நான் போன் செய்தால் எடுக்கவேண்டும்.

இப்போதும் விடியலில் பாடுகிறேன். கண்ணீர் வருவதில்லை. குழுவில் சிலர், பழைய உருக்கம் போய்விட்டது என்கிறார்கள். போனது பக்தியா, நோயா, இரண்டும் கலந்த ஒன்றா என்று எனக்கே தெரியவில்லை. இந்த உடலை விட்டொழியவேண்டிய சுமையென்று பாடிவந்தவன், இன்று அதற்கு நேரம் தவறாமல் மாத்திரை ஊட்டுகிறேன்.

பாடி முடித்ததும் பழனிச்சாமியை அழைக்கிறேன். அவர் இன்னும் மருத்துவமனைக்கு வரச் சம்மதிக்கவில்லை. "எந்திரிச்சுட்டனுங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். என் நாள் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால், அவர் எடுக்கும்வரை போன் மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் நான் அடுத்த பிறவியைப் பற்றி எதையும் வேண்டுவதில்லை.