சேர்ந்த அன்று என் காது

பதினேழு வருஷம் ராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்துவிட்டு, இரண்டு காதும் மந்தமாகித்தான் தாராவிக்கு வந்தேன். மச்சானின் தோல்பைப் பட்டறையில் வேலை. ஊனத்துக்கான பென்ஷன் பற்றி ஒருநாள் கடிதம் வந்தது. காட்கோபரில் ஒரு கிளினிக்கில் ரிசெப்ஷனில் இருக்கும் மகள்தான் வாசித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என் காதருகே வந்து கத்தினாள்.

"வாப்பா, சின்ன வயசுலயே ஒங்களுக்குக் காதுல சீழ் வடிஞ்சுதா?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொல்லியிருக்கிய. கையெழுத்தும் போட்டிருக்கிய."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. படையை விட்டு அனுப்பும்முன் சோதித்த டாக்டர் பேச்சுவாக்கில் இந்தியில் கேட்டிருந்தார். குளத்தில் குதித்து ஒருதடவை இரண்டு நாள் வடிந்தது என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தேன். அந்த இரண்டு நாளை வைத்து, இது பணியால் வந்ததல்ல, பென்ஷன் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். என் வாயே எனக்கு எதிர்ச்சாட்சி. அதற்குப் பிறகு மூன்று நாள் பட்டறையில் யாரோடும் பேசவில்லை. பேசவே பயமாக இருந்தது.

செம்பூரில் இருந்த ஒரு பழைய ராணுவ கிளார்க்கிடம் மச்சான் அழைத்துப்போனார். கடிதத்தைப் படித்துவிட்டு அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "சேரும்போது காதைச் சோதிச்சாங்களா?" தலையாட்டினேன். "அந்தக் காகிதத்தைக் கேளுங்க."

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். மாதக்கணக்கில் இழுத்து, ஒருவழியாக நகல் வந்தது. முதுகுக்குப் பின்னால் ஆறு மீட்டர் தள்ளி நின்று கிசுகிசுத்தாலும் இரண்டு காதிலும் கேட்கிறது, குறையில்லை என்று அதில் இருந்தது.

மகள் குதித்தாள். நானோ அந்த ஆறு மீட்டரை மனசுக்குள் அளந்து பார்த்தேன். ஆறு மீட்டர் என்றால் எங்கள் அறையைத் தாண்டி, எதிர்வீட்டையும் தாண்டி. அங்கிருந்து கிசுகிசுத்தது எனக்குக் கேட்டிருக்கிறது! அப்படி ஒரு ஆளாக இருந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது. இப்போது பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறாள்.

நகலை வைத்து அப்பீல் செய்தோம். தள்ளிவிட்டார்கள். காரணம் சின்ன வயதுச் சீழ் என்ற அதே வரி, ஒரு வார்த்தைகூட மாறவில்லை. இரண்டாவது அப்பீலில்தான் மறுபடி மருத்துவக் குழுமுன் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் ஏதாவது உண்டா என்று அங்கிருந்த டாக்டரம்மாவும் உரக்கக் கேட்டார். நான் வாயைத் திறக்காமல் நகலை அவர் பக்கம் தள்ளினேன். படித்துவிட்டு நிமிர்ந்தார். என் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"சுடும்போது காதுக்கு என்ன கொடுத்தாங்க?"

"பஞ்சு. அதுவும் இருந்தா."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்தபின் உத்தரவு வந்தது. பணியால் வந்த பாதிப்பு என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மகளை அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மனைவி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மகள் கத்தி வாசித்தும் பாதிதான் கேட்டது; மீதிக்கு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.