கிளியம்மாள் பிடித்துத் தந்த தேள்கள்

“இதப் புட்ச்சி இன்னாம்மா பண்ணுவ?”

“படம் வரைவேன், அக்கா. ஓட்டுல இருக்கிற மேடு பள்ளம், முடி, வயித்துக்குக் கீழ இருக்கிற சீப்பு, எல்லாம்.”

“தேளுக்குச் சீப்பா? தலையே தனியா இல்ல, அதுக்கு இன்னாத்துக்குச் சீப்பு?”

“தரையைத் தடவிப் பார்க்க.”

“அது சரி. இந்தா, கொடுக்கை ஒடைச்சிட்டேன். பயப்படாம வாங்கிக்க.”

“ஐயோ, கொடுக்கும் முழுசா வேணுமே!”

“நல்லாக் கீது போ! கொடுக்கோட வோணுமாம்!”

1991இல், வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கல்குவாரியில் கிளியம்மாளை முதன்முதலாகச் சந்தித்தபோது பேசியது இது. நான் தாம்பரத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன்; அவர் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். குவாரியில் தேளைக் கண்டால் கொடுக்கை ஒடித்துவிட்டுத்தான் அடுத்தவர் கையில் தருவார்கள். அதுதான் அங்கே மரியாதை. அடுத்த வாரம் எனக்காக மூன்று முழுத் தேள்களைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வைத்திருந்தார்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கன்னியப்பன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வீடு மாமியார் சந்திரம்மாளுடையது. பூ, பொட்டு, மஞ்சள் எதையாவது மருமகள் தொட்டால் அன்றோடு வீட்டில் இடமில்லை என்று அந்த அம்மாள் என் எதிரிலேயே சொல்லியிருக்கிறார்.

கல்லூரியிலிருந்து ஒரு புற ஊதா விளக்கு கொண்டுபோனேன். அந்த ஒளி பட்டால் தேளின் ஓடு தானாக ஒளிரும். வெயிலில் கறுப்போடு கறுப்பாக மறைந்துபோகும் மேடுகள் அப்போது ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். அவர்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று இருந்தது. மதியம் கதவைச் சாத்திக்கொண்டோம். கிளியம்மாள் ஒரு தேள் இருந்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

விளக்கைப் போட்டதும் இருட்டில் ஒரு பச்சைத் தேள் மிதந்தது. முதுகில் மணிமணியாக வரிசைகள், வாலில் கணுக்கணுவாக வெளிச்சம். குளத்தின் அடியில் உட்கார்ந்து நிலவைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பிறகுதான் பாட்டிலைச் சுற்றி இன்னொரு ஒளியைப் பார்த்தேன். அவருடைய விரல் இடுக்குகள், காதோரம், கழுத்து மடிப்பு எல்லாம் மெல்லிய மஞ்சளாக ஒளிர்ந்தன. பூசிக் கழுவிய மஞ்சள். வெளிச்சத்தில் யார் கண்ணுக்கும் படாதது.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் உள்ள இன்னாடி பண்றீங்க? எனக்கும் காட்டுங்க!” சந்திரம்மாள் கதவைத் தள்ளினார்.

விளக்கை அணைத்தேன். “பேட்டரி தீர்ந்துடுச்சு, ஆயா.”

“நான் வந்தாத்தான் எல்லாம் தீரும்,” என்று முணுமுணுத்தபடி அவர் போய்விட்டார்.

பஸ் நிறுத்தம்வரை கிளியம்மாள் கூடவே வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் சொன்னார்: “குளிக்கிற எடத்துல யாரும் இல்லன்னா பூசிக்குவேம்மா. உடனே கழுவிடுவேன். அது ஒட்டிக்கினு இருக்கும்னு நானே கண்டனா? எங்கூட்டுக் கண்ணாடிய அத்தை எடுத்து வச்சிட்டாங்க. அடுத்த வாட்டி அந்த வெளக்கோட, மொகம் பாக்குற கண்ணாடி ஒண்ணு எடுத்தாறியா?”